கடைசியில் வருகிறவருக்கும் கை தட்டுங்கள்!

பந்தயம் முடிந்துவிட்டது.

முதல் பரிசு கொடுத்தாகிவிட்டது. படம் பிடிக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். கூட்டம் கலைந்துகொண்டிருக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

அப்போது தூரத்தில் ஓர் உருவம் தெரிகிறது.

அது ஓடுகிறதா, நடக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் நிற்கவில்லை. வந்துகொண்டே இருக்கிறது.

அவர்தான் கடைசி மனிதர்.

அவருக்குக் கை தட்ட வேண்டுமா? "கடைசியாக வந்ததற்கு ஒரு கைதட்டலா!" என்று சிரிக்க வேண்டுமா?

சிரிப்பதற்கு முன்னால், அவர் எங்கிருந்து வருகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று பந்தயம், ஒரே நாளில்!

நீச்சல் பந்தயம் எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் பந்தயமும் தெரியும். ஓட்டப் பந்தயம் தெரியாதவர்களே இல்லை.

இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் ஓய்வு இல்லாமல் செய்து முடிக்க வேண்டும். அதற்கு "டிரையத்லான்" என்று பெயர்.

இதில் பல அளவுகள் உண்டு. ஒலிம்பிக்கில் நடப்பது நடுத்தர அளவு. அந்தக் கணக்கு இதுதான்:

முதலில் 1,500 மீட்டர் நீச்சல். அதாவது ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு.

அடுத்து 40 கிலோ மீட்டர் சைக்கிள். அதாவது 25 மைல்.

கடைசியில் 10 கிலோ மீட்டர் ஓட்டம். அதாவது 6 மைலுக்குச் சற்று அதிகம்.

ஒரு மைல் நடந்தாலே "அப்பாடா" என்று திண்ணையில் சாய்கிறவர்கள் உண்டு. இவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிய பிறகு 6 மைல் ஓடுகிறார்கள்!

புதன்கிழமை மாலையில் பிறந்தது

இது பழங்காலத்து விளையாட்டு அல்ல. பிறந்து ஐம்பது ஆண்டுதான் ஆகிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சான் டியாகோ என்ற நகரம் இருக்கிறது. கடற்கரை நகரம். அங்கே ஓட்டக்காரர்கள் சங்கம் ஒன்று உண்டு. அதில் ஜாக் ஜான்ஸ்டன், டான் ஷானகன் என்ற இரண்டு பேர் இருந்தார்கள். எப்போது பார்த்தாலும் ஓட்டம்தானா, வேறு ஏதாவது செய்து பார்க்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றியது.

ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றையும் சேர்த்து ஒரு பந்தயம் வைத்தார்கள்.

நாள்: 1974-ம் ஆண்டு செப்டம்பர் 25. கிழமை: புதன். நேரம்: மாலை 5-45 மணி.

ஞாயிற்றுக்கிழமை அல்ல. விடுமுறை நாளும் அல்ல. எல்லோரும் வேலை முடித்துவிட்டு வந்தவர்கள்! "அவரவர் சைக்கிளை அவரவரே கொண்டுவர வேண்டும்" என்பது நிபந்தனை. 46 பேர் கலந்துகொண்டார்கள். பொழுது சாய்ந்து இருட்டிய பிறகும் பந்தயம் நடந்தது.

கலந்துகொண்டவர்களில் ஒருவர் ஜான் காலின்ஸ். கடற்படை அதிகாரி. அவருடைய குடும்பமும் அன்று கலந்துகொண்டது. அவர் முன்னணியில் வரவில்லை. ஆனால் அந்தப் பந்தயம் அவர் மனதைப் பிடித்துக்கொண்டது.

பிறகு அவர் ஹவாய் தீவுக்குப் போனார். 1978-ம் ஆண்டில் அங்கே இதைவிடப் பல மடங்கு நீளமான பந்தயத்தைத் தொடங்கி வைத்தார். அதுதான் "இரும்பு மனிதன்" பந்தயம். முதல் ஆண்டில் 15 பேர் புறப்பட்டார்கள். 12 பேர் முடித்தார்கள். இன்று உலகம் முழுவதும் அது பேர் போன பந்தயமாகிவிட்டது.

2000-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் ஒலிம்பிக் நடந்தது. அங்கேதான் டிரையத்லான் முதல் முதலாக ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. பெண்கள் பிரிவில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பிரிஜிட் மக்மான் தங்கப் பதக்கம் பெற்றார். ஆண்கள் பிரிவில் கனடாவைச் சேர்ந்த சைமன் விட்பீல்டு தங்கம் வென்றார்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த விளையாட்டை உண்டாக்கியவர்கள் சக்கரவர்த்திகள் அல்ல. பெரிய வீரர்களும் அல்ல. வேலைக்குப் போய் வந்த சாதாரண ஜனங்கள். வெற்றி பெற்றவர் மட்டும் அல்ல, பின்தங்கி வந்தவரும் சேர்ந்துதான் இதை வளர்த்தார்கள்.

நூசா கடற்கரையில்...

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நூசா என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. 1983-ம் ஆண்டு முதல் அங்கே இந்தப் பந்தயம் நடந்துவருகிறது. ஒலிம்பிக் அளவுதான். இப்போது ஆயிரக் கணக்கானவர்கள் கூடுகிறார்கள். ஊரே திருவிழாக் கோலம் கொள்கிறது. மனைவி, மக்களோடு வருகிறார்கள்.

வருகிறவர்கள் யார்? சிலர் பந்தயத்தையே தொழிலாகக் கொண்ட வீரர்கள். பெரும்பாலோர் உங்களையும் உங்கள் அடுத்த வீட்டுக்காரரையும் போன்றவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர், பாடம் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியை, ஆஸ்பத்திரி நர்ஸ், தச்சு வேலை செய்கிறவர், பேரன் எடுத்த தாத்தா.

இவர்களில் ஒருவரை மனக்கண்ணால் பாருங்கள். அவருக்குப் பெயர் வேண்டாம். அவரைப் போல் ஆண்டுதோறும் நூற்றுக் கணக்கானவர்கள் வருகிறார்கள்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு குழந்தைகள். முன்பு தொந்தி இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "இப்படியே போனால் என்ன ஆகும்?" என்று ஒரு நாள் பயம் வந்தது. அன்று முதல் விடியற்காலையில் எழுந்தார். குழந்தைகள் கண் விழிப்பதற்குள் ஓடிவிட்டு வந்தார். மாதக் கணக்கில் பழகினார்.

இன்று பந்தய நாள். பொழுது விடியும் முன்பே வந்துவிட்டார். கையில் மையால் எண் எழுதியிருக்கிறார்கள். கணுக்காலில் ஒரு பட்டை. அதற்குள் சின்னஞ்சிறு கருவி. கோட்டைத் தாண்டினால் அது நேரத்தைக் குறித்துவிடும்.

சைக்கிளை அதற்குரிய கம்பியில் மாட்டிவிட்டார். பக்கத்தில் ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் வரிசையாக இருக்கின்றன.

மனைவி, குழந்தைகள் மணலில் நிற்கிறார்கள். சின்னக் குழந்தை கேட்கிறது: "அப்பா, நீ ஜெயிப்பாயா?"

அப்பா பதில் சொல்லவில்லை. சிரிக்கிறார்.

தண்ணீர் விளையாட்டு அல்ல

ஊதல் ஒலிக்கிறது. ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கடலில் இறங்குகிறார்கள்.

குளத்தில் நீந்துவது வேறு. கடலில் நீந்துவது வேறு. குளத்தில் அடியில் கோடு தெரியும். பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கும். கடலில் கோடும் இல்லை, சுவரும் இல்லை. மிதவைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் நீந்த வேண்டும். முன்னால் போகிறவர் கால் முகத்தில் உதைக்கும். பக்கத்தில் வருகிறவர் கை தலையில் இடிக்கும். அலை வாயில் உப்புத் தண்ணீரை ஊற்றும்.

அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கும். மூச்சு முட்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்குக்கூட இப்படி நேர்வது உண்டு.

இங்கே ஒரு விதி இருக்கிறது. அழகான விதி.

தண்ணீரில் சிறு படகுகளும் காவலர்களும் இருப்பார்கள். களைத்துப் போனவர் கையைத் தூக்கலாம். படகு பக்கத்தில் வரும். அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். இளைப்பாறலாம். படகைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது. அவ்வளவுதான்! மூச்சு சீரானதும் மறுபடியும் நீந்தலாம். அவர் தோற்றவர் ஆக மாட்டார்.

"களைத்தால் நில். வெட்கப்படாதே. பிறகு புறப்படு" என்கிறது விதி. வாழ்க்கைக்கும் இது பொருந்தாதா?

ஆழம் தெரியாமல் காலை விடாதே!

இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தப் பந்தயத்தில் உயிர் போனதும் உண்டு.

அமெரிக்காவில் டாக்டர்கள் கணக்கு எடுத்தார்கள். 1985-ம் ஆண்டு முதல் 2016-ம் ஆண்டு வரை நடந்த பந்தயங்களை ஆராய்ந்தார்கள். மரணங்களும், இதயம் நின்றுபோய்ப் பிழைத்த சம்பவங்களும் சேர்ந்து 135. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு எங்கே நடந்தது தெரியுமா? தண்ணீரில்! அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதுவும் நடுத்தர வயதுக்காரர்கள். பிரேதப் பரிசோதனை செய்து பார்த்ததில், பலருக்கு ஏற்கனவே இதயக் கோளாறு இருந்தது தெரிந்தது. வெளியே தெரியாத கோளாறு!

பயப்பட வேண்டாம். ஒரு லட்சம் பேர் கலந்துகொண்டால் இரண்டு பேருக்கும் குறைவாகத்தான் இந்த ஆபத்து வந்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவர் நம் வீட்டு மனிதராக இருந்தால்?

ஆகவே மூன்று காரியங்கள் அவசியம்.

ஒன்று: நாற்பது வயதைத் தாண்டியவர்கள் முதலில் டாக்டரிடம் போக வேண்டும். இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு: குளத்தில் மட்டும் பழகிவிட்டுக் கடலில் குதிக்கக் கூடாது. கடலிலேயே, தெரிந்தவர் துணையோடு, பல நாள் பழக வேண்டும்.

மூன்று: பந்தயத்தின் நடுவில் நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ கையைத் தூக்கிவிட வேண்டும். "நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்று பார்க்கக் கூடாது.

கரையில் நிற்கும் மனைவிக்கு வேண்டியது பதக்கம் அல்ல, புருஷன். குழந்தைக்கு வேண்டியது அப்பா.

துணிச்சல் வேறு. முரட்டுத்தனம் வேறு. முடிக்காமல் தண்ணீரை விட்டு வெளியே வருவதற்கும் துணிச்சல் வேண்டும். சில சமயங்களில் அதுதான் பெரிய துணிச்சல்.

தலையில் ஹெல்மெட், பிறகு சைக்கிள்

அவர் கரை ஏறிவிட்டார்! நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. அவருக்கு முன்பே பலர் போய்விட்டார்கள். கால் தள்ளாடுகிறது. மணலில் ஓடுகிறார். "அப்பா!" என்று கத்தும் குரல் கேட்கிறது. கையை ஆட்டுகிறார்.

சைக்கிள் இருக்கும் இடத்துக்கு வருகிறார். இங்கேயும் கண்டிப்பான விதி உண்டு. முதலில் ஹெல்மெட் போட்டு வாரை மாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். அந்த எல்லைக்குள் ஏறி மிதிக்கக் கூடாது. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் தலைக்குத்தான் முதலிடம்.

அடுத்தது 25 மைல் பயணம். நூசாவில் வழியில் ஒரு மேடு இருக்கிறது. கார்மல்லா என்று பெயர். ஏற ஏற முடிவே இல்லாதது போல் தோன்றும். தொடை எரியும். இளைஞர்கள் "விர்" என்று தாண்டிப் போவார்கள்.

முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் என்ன? காற்று எதிர்க்காது. சுலபமாகப் போகலாமே!

கூடாது! சாதாரண ஜனங்கள் கலந்துகொள்ளும் பந்தயங்களில் பெரும்பாலும் இதற்குத் தடை உண்டு. குறிப்பிட்ட இடைவெளி விட்டுத்தான் போக வேண்டும். மீறினால் தண்டனை. ஒருவர் முதுகில் இன்னொருவர் ஒளிந்துகொள்ள முடியாது. காற்றை அவரவர்தான் கிழித்துக்கொண்டு போக வேண்டும்.

கால் சொன்ன பேச்சைக் கேட்காது

சைக்கிள் முடிந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம். இறங்குகிறார். ஓட ஆரம்பிக்கிறார்.

ஐயோ! கால் எங்கே?

கால் இருக்கிறது. ஆனால் சொன்னபடி கேட்கவில்லை. மரக்கட்டை போல் கனக்கிறது. துணி போல் துவள்கிறது. சைக்கிள் மிதித்த கால், அந்த வட்ட ஓட்டத்தை மறந்து நேர் ஓட்டத்துக்குப் பழகச் சில நிமிடம் பிடிக்கும். இந்த விளையாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒலிம்பிக் வீரருக்கும் இது உண்டு.

முதல் மைல் போகிறது. இரண்டாவது மைல். வெயில் ஏறிவிட்டது. வழியில் தண்ணீர் கொடுக்கிறார்கள். பாதியைக் குடிக்கிறார். பாதியைத் தலையில் ஊற்றிக்கொள்கிறார்.

நாலாவது மைலில் மனம் பேசத் தொடங்குகிறது.

"உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? வீட்டில் சுகமாக இருந்திருக்கலாமே! இப்போது நின்றால் யார் கேட்கப் போகிறார்கள்?"

யாரும் கேட்கப் போவது இல்லை. அது உண்மை. அவர் நின்றால் எந்த நாடும் பதக்கத்தை இழக்காது. எந்தப் பத்திரிகையிலும் செய்தி வராது.

இருந்தாலும் அவர் நிற்கவில்லை. கொஞ்சம் நடக்கிறார். மறுபடியும் ஓடுகிறார்.

ஏன்?

அங்கே ஒரு சின்னக் குழந்தை நின்றுகொண்டிருக்கிறது. "முடிக்கிறேன்" என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட வார்த்தையும் இருக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் காப்பாற்றும் வார்த்தைதான் உண்மையான வார்த்தை.

யார் அதிகம் உழைத்தவர்?

2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் டிரையத்லானில் தங்கம் வென்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த அலெக்ஸ் யீ. அவர் எடுத்துக்கொண்ட நேரம் 1 மணி 43 நிமிடம் 33 வினாடி. கடைசிக் கட்டத்தில் முன்னால் போனவரைப் பிடித்துத் தாண்டினார். மகத்தான வெற்றி! அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

நூசாவில் ஓடும் நம் மனிதருக்கு ஏறத்தாழ 3 மணி 45 நிமிடம் ஆகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தூரம் ஒன்றுதான். சாதாரண மனிதர் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் பாடுபடுகிறார். வீரர் முடித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைக்கும் நேரத்தில், சாதாரண மனிதர் சைக்கிளில் மேடு ஏறிக்கொண்டிருக்கிறார். வீரர் ஓடும்போது கூட்டம் ஆரவாரம் செய்கிறது. சாதாரண மனிதர் ஓடும்போது பாதை காலியாகிவிடுகிறது. வீரருக்குப் பயிற்சியாளர் உண்டு. பழகுவதற்கு நாள் முழுவதும் உண்டு. இவருக்கு விடியற்காலை ஒரு மணி நேரம்தான்.

வீரர் மற்றவர்களை ஜெயித்தார். இவர் தம் சோம்பலை ஜெயித்தார். தம் பயத்தை ஜெயித்தார்.

முதலில் வந்தவருக்குப் பரிசு கொடுங்கள். அது நியாயம். ஆனால் கடைசியில் வந்தவருக்குக் கைதட்டல் கொடுங்கள். அதுவும் நியாயம்.

டோக்கியோவில் நடந்தது

ஒலிம்பிக்கிலும் கடைசி ஆள் உண்டு.

2021-ம் ஆண்டில் டோக்கியோவில் பெண்கள் டிரையத்லான் நடந்தது. பெர்முடா என்ற சின்னஞ்சிறு தீவைச் சேர்ந்த புளோரா டபி முதலில் வந்தார். அந்தத் தீவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. உலகமே அவரைப் பாராட்டியது.

கடினமான பந்தயம். பலர் முடிக்காமலே விலகிவிட்டார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த கிளேர் மிஷெல் விலகவில்லை. முதலில் வந்தவருக்குக் கால் மணி நேரம் பின்னால் வந்தார். முடித்தவர்களில் அவர்தான் கடைசி. கோட்டைத் தாண்டியதும் தரையில் உட்கார்ந்து அழுதார்.

அப்போது நார்வே நாட்டைச் சேர்ந்த லாட் மில்லர் அவரிடம் வந்தார். தாமும் பதக்கம் பெறாதவர்தான். 24-வது இடத்தில் வந்தவர். அழுதவர் பக்கத்தில் குனிந்து, தோளை அணைத்துக்கொண்டு தேற்றினார். "நீ போராளி" என்று சொல்லித் தைரியம் கொடுத்தார்.

அந்தப் படம் உலகம் முழுவதும் பரவியது. தங்கப் பதக்கத்தைப் பார்த்து வியந்தவர்கள், இந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினார்கள்.

மகனைச் சுமந்த தந்தை

இன்னொரு கதை. கதை அல்ல, நடந்த உண்மை.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டிக் ஹாய்ட் என்பவர் இருந்தார். அவருடைய மகன் ரிக். பிறக்கும்போதே மூளைக்குப் பிராணவாயு போகாததால் கை கால் விளங்கவில்லை. பேச்சும் வரவில்லை. கருவி மூலமாகத்தான் தன் எண்ணத்தைச் சொல்வான்.

1977-ம் ஆண்டில் ஐந்து மைல் ஓட்டப் பந்தயம் ஒன்று நடந்தது. அடிபட்டுக் கிடந்த ஒரு விளையாட்டு வீரனுக்கு உதவி செய்வதற்காக நடந்த பந்தயம். "அப்பா, நானும் கலந்துகொள்ள வேண்டும்" என்றான் மகன். தந்தை அவனைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். கடைசிக்கு முந்திய இடத்தில் வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகன் தெரிவித்தான்: ஓடும்போது தனக்கு ஊனம் இருப்பதே தெரியவில்லையாம்!

தந்தைக்கு அது போதும். அன்று முதல் ஓடினார். பிறகு டிரையத்லானுக்கு அழைப்பு வந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. நடுத்தர வயதில் கற்றுக்கொண்டார். மகனை ரப்பர் படகில் படுக்க வைத்து, கயிற்றைத் தம் உடம்பில் கட்டிக்கொண்டு இழுத்து நீந்தினார். சைக்கிளின் முன்புறத்தில் இருக்கை அமைத்து மகனை வைத்து ஓட்டினார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"இரும்பு மனிதன்" பந்தயத்தையும் இப்படி முடித்தார்கள். பாஸ்டன் நகரின் புகழ் பெற்ற நீண்ட ஓட்டத்தில் 32 முறை கலந்துகொண்டார்கள். 2013-ம் ஆண்டில் அந்த ஓட்டம் தொடங்கும் ஊரில் இருவருக்கும் சிலை வைத்தார்கள். தந்தை 2021-ம் ஆண்டிலும், மகன் 2023-ம் ஆண்டிலும் காலமானார்கள்.

யோசித்துப் பாருங்கள். 1977-ல், கடைசிக்கு முந்தி வந்த அன்றைக்கு யாராவது சிரித்து, அவர்கள் மனம் உடைந்து போயிருந்தால்? அந்தச் சிலை ஏது?

"இது பணக்காரர் விளையாட்டு" என்கிறார்களே!

சிலர் ஆட்சேபம் சொல்கிறார்கள்.

"சைக்கிள் விலை என்ன தெரியுமா? நுழைவுக் கட்டணம் என்ன தெரியுமா? இது பணக்காரர் விளையாட்டு!"

இதில் உண்மை இருக்கிறது. ஒரு மோட்டார் கார் விலைக்குச் சைக்கிள் வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் 1974-ல் அந்த 46 பேர் வீட்டில் இருந்த சைக்கிளைத்தான் கொண்டுவந்தார்கள். நல்ல பிரேக்கும், நல்ல டயரும், தலைக்கு ஹெல்மெட்டும் இருந்தால் போதும். கடன் வாங்கிச் சைக்கிள் வாங்குவது விளையாட்டு அல்ல, வினை. கட்டணத்தைக் குறைப்பது பந்தயம் நடத்துகிறவர்களின் கடமை.

"குடும்பத்தைக் கவனிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்?" என்று கேட்கிறவர்களும் உண்டு.

நியாயமான கேள்வி! மனைவி அடுப்படியிலும் பிள்ளைகளோடும் அல்லாட, புருஷன் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் அது வீரம் அல்ல, சுயநலம். இன்று அவர் ஓடினால், நாளை அவள் ஓடட்டும். அவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். இது ஆண்களுக்கு மட்டும் உரிய விளையாட்டு அல்லவே!

"வயதாகிவிட்டதே?" என்பார்கள் வேறு சிலர். அமெரிக்காவில் மடோனா பியூடர் என்ற கன்னியாஸ்திரி இருக்கிறார். அவர் ஓடத் தொடங்கியதே 48 வயதில்தான். முதல் டிரையத்லான் 52 வயதில். 2012-ம் ஆண்டில், 82 வயதில், "இரும்பு மனிதன்" பந்தயத்தை முடித்தார். எல்லோராலும் அது முடியாது. ஆனால் தெருக்கோடி வரை நடக்க எல்லோராலும் முடியும் அல்லவா?

வளைவைக் கழற்றாதீர்கள்!

பந்தயம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

நேர வரம்பு வேண்டும். அது தவறு அல்ல. சாலையை நாள் முழுவதும் மூடி வைக்க முடியாது. காவலர்களும் டாக்டர்களும் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? ஆனால் வரம்புக்குள் ஒரே ஒரு மனிதர் ஓடிக்கொண்டிருந்தாலும், முடிவிடத்து வளைவைக் கழற்றக் கூடாது. தண்ணீர் கொடுக்கும் மேஜையை எடுக்கக் கூடாது. முதலில் வந்தவருக்கு வைத்த கோடுதான் கடைசியில் வருகிறவருக்கும் இருக்க வேண்டும். அவரும் அதே கட்டணம் கட்டினார். அதே கடலில் நீந்தினார்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை.

பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் உங்கள் குழந்தை கடைசியாக வந்தால் என்ன செய்கிறீர்கள்? "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்!" என்று சொல்கிறீர்களா? அந்த வார்த்தையோடு குழந்தையின் ஓட்டம் நின்றுவிடும். ஆயுள் முழுவதும் ஓடாது. "முடித்தாயே, கெட்டிக்காரி!" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த ஆண்டும் ஓடுவாள்.

அதோ, நூசாவில் அவர் வந்துவிட்டார்.

கடைசி வளைவு திரும்புகிறார். முகம் உப்புப் பூத்திருக்கிறது. கால் இழுக்கிறது. கூட்டத்தில் பாதி கலைந்துவிட்டது. எஞ்சியவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். முதலில் ஒருவர் கை தட்டுகிறார். பிறகு நாலு பேர். பிறகு எல்லோரும்.

அவர் கோட்டைத் தாண்டுகிறார். குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிறது.

"அப்பா, நீ ஜெயித்தாயா?"

காலையில் பதில் சொல்லாத அப்பா, இப்போது சொல்கிறார்:

"முடித்துவிட்டேன், கண்ணு!"

குழந்தைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது கை தட்டுகிறது.

பெரியவர்களும் தட்டலாமே!